உறவு நீக்கப் படிவம்

ரெங்கசாமியின் குடும்பத்தில் மூன்று தலைமுறையாக யாரும் பொய்க் கையெழுத்துப் போட்டதில்லை. முதல் இரண்டு தலைமுறைக்குக் கையெழுத்தே போடத் தெரியாது என்பது அதற்கு ஒரு காரணம். தாத்தாவும் அப்பாவும் பெருவிரலை மையில் ஒற்றி வைத்துவிட்டுப் போனவர்கள். ஆனால் வைத்த ரேகையை மறுத்துப் பேசாத குடும்பம் என்று தோட்டத்தில் ஒரு பெயர் இருந்தது. மூன்றாம் தலைமுறையில் அந்தப் பெயரைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு, பேனா பிடிக்கத் தெரிந்த ரெங்கசாமியிடம் வந்து சேர்ந்தது.

மலேசியாவில் கோலசிலாங்கூரிலிருந்து வடக்கே போகும் சாலையில் ஏழாவது மைல் கல்லில் திரும்பினால் அவருடைய தோட்டம். கம்பெனித் தாளில் அதன் பெயர் டன்மோர் எஸ்டேட். ஆட்களின் வாயில் ஏழாங்கட்டைத் தோட்டம். ரப்பர் பால்மரங்களைச் சாய்த்துச் செம்பனை நட்டுப் பல வருடமாகிவிட்டது. மரம் மாறியதே தவிர ஆட்கள் மாறவில்லை. அங்கே ரெங்கசாமி பதினாறு வருடம் ஆபீசில் இரண்டாவது கிராணியாக, குமாஸ்தாவாக இருந்து, ஆட்களின் வருகைப் பதிவான செக்ரோல் எழுதினார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்தாறாம் வருடம், தைப்பூசம் முடிந்த மறுவாரம், கம்பெனிக்கு நேர்மை வந்தது.

அது பதிவுத் தபாலில், பழுப்பு உறையில் வந்தது. ஆள் விவகாரப் பிரிவு இனி மனிதவளப் பிரிவு என்று அழைக்கப்படும். மனிதவள அதிகாரிகள் ஒழுக வேண்டிய நன்னெறிக் கோட்பாட்டில் பன்னிரண்டு விதிகள் உள்ளன. அவற்றைக் கண்ணாடி போட்டு, துரையின் படத்துக்கு ஒரு விரற்கடை கீழே மாட்ட வேண்டும். ரெங்கசாமி இன்று முதல் மனிதவள அதிகாரி. லீவு எழுதுவது, ஆஸ்பத்திரிக்குச் சீட்டுக் கொடுப்பது, தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் ஒழுகும் கூரையைக் குறித்துக்கொள்வது என்று அவருடைய வேலை முன்பு இருந்ததுதான். சம்பளமும் முன்பு இருந்ததுதான், ஏனென்றால் இரண்டாவது விதி இந்தப் பணி ஊதியத்தால் அளக்கப்படுவதில்லை என்று சொன்னது. கை வைத்த நாற்காலி ஒன்று புதிதாக வந்தது. லயத்திலிருந்து கல்வீட்டுக்கு மாறச் சொன்னார்கள். கல்வீட்டில் தண்ணீர்க் குழாய் அடுப்படிக்குள்ளேயே இருந்தது. அவர் மனைவி வேலம்மா அந்தக் குழாயை முதல் நாள் ஐந்தாறு முறை திறந்து மூடிப் பார்த்தாள்.

மார்ச் மாதம் கோலசிலாங்கூர் மலைமேல் ரெஸ்ட் ஹவுஸில் கருத்தரங்கு நடந்தது. செகிஞ்சான், சுங்கை ஆயர் தாவார் பக்கத்துத் தோட்டங்களிலிருந்தும் அதிகாரிகள் வந்திருந்தார்கள். தலைமையகத்திலிருந்து மனிதவள மேலாளர் சிவானந்தம் வந்தார். கோட்டு போட்டிருந்தார். காற்றாடி இருந்தும் வியர்த்தது. வியர்வையையும் ஒரு பொறுப்பாக ஏற்றுக்கொண்டவர் போலத் துடைத்துக்கொண்டே பேசினார்.

“நாம் இதுவரை ஆட்களைப் பார்த்துக்கொண்டிருந்தோம். அங்கேதான் பிழை நடந்தது. ஆளைப் பார்த்தால் முகம் தெரியும். முகம் தெரிந்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் பாரபட்சம் வந்துவிடும். இனி நாம் வளத்தைப் பார்ப்போம். வளத்துக்கு முகம் கிடையாது.”

எல்லாரும் கை தட்டினார்கள். ரெங்கசாமியும் தட்டினார். பிறகு சிவானந்தம் கம்பெனியின் நன்னெறி ஆலோசகரை அறிமுகம் செய்துவைத்தார். பெயர் பாலகிருஷ்ணன், வயது இருபத்தாறு, சிவானந்தத்தின் மூத்த மகளைக் கட்டியவர். ஒன்றாம் தேதியிலிருந்து பொறுப்பில் இருக்கிறார்.

ஆறாவது விதி நெருங்கிய உறவினரை வேலைக்கு வைக்கக்கூடாது என்று சொல்வதை ரெங்கசாமி அன்று காலைதான் படித்திருந்தார். அதனால் அடக்கமாக எழுந்து, தமக்கு விளங்கவில்லை என்று கேட்டார். சிவானந்தம் கோபப்படவில்லை. இப்படிப்பட்ட கேள்விகளைத்தான் எதிர்பார்த்ததாகச் சொன்னார்.

“ஆறாவது விதி ஊழியர்களைப் பற்றியது. பாலகிருஷ்ணன் ஊழியர் அல்ல, ஆலோசகர். அதோடு, அவரை நேர்காணல் செய்யும்போது வேறு யாரையும் நான் நம்பவில்லை. நான் ஒருவனே உட்கார்ந்து கேள்வி கேட்டேன். அவ்வளவு கண்டிப்பாக நடந்தது.”

ரெங்கசாமி நன்றி சொல்லி உட்கார்ந்தார்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு ஏழாம் எண் படிவத்தைக் கொடுத்தார்கள். ஒவ்வோர் அதிகாரியும் தமக்குக் கீழே வேலை செய்யும் உறவினரையெல்லாம் அதில் எழுதித் தர வேண்டும். யாரும் எதையும் மறைத்துவிடக்கூடாது என்பதற்காக ஆலோசகர் பாலகிருஷ்ணன் ஒரு வாசகத்தைத் தாமே யோசித்துச் சேர்த்திருந்தார். “தாங்கள் உறவுமுறை சொல்லி அழைக்கும் அனைவரும்” என்று அச்சாகியிருந்தது.

மற்ற தோட்டத்து அதிகாரிகள் அங்கேயே இரண்டு மூன்று பெயர் எழுதிக் கொடுத்துவிட்டுக் கடல் பார்க்கப் போய்விட்டார்கள். ரெங்கசாமி படிவத்தை மடித்துப் பையில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

ஏழாங்கட்டைத் தோட்டத்தில் ஒருவரும் ஒருவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. தாத்தா காலத்தில் ஒரே கப்பலில் வந்தவர்கள் கரை இறங்கும்போதே அண்ணன் தம்பி, மாமன் மச்சான் என்று முறை வைத்துக்கொண்டார்கள். பிறகு பிறந்த பிள்ளை யாரை எப்படி அழைக்க வேண்டும் என்பது அது பிறக்கும் முன்பே முடிவாகியிருந்தது. பெயர் என்பது செக்ரோலுக்கும் போலீசுக்கும் மட்டும். ரெங்கசாமிக்கு இது ஒரு விஷயமாகவே அதுவரை தோன்றியதில்லை. படிவம் கேட்டது, எழுத உட்கார்ந்தார். நான்கு நாள் பிடித்தது. தனித்தாள் ஒன்பது ஒட்டினார்.

முதல் வரியில் தம் சொந்த அக்காவை எழுதினார். வள்ளியம்மா, மரத்தடியில் செம்பனை உதிரிப்பழம் பொறுக்குபவர். என்ன உறவு என்ற கட்டத்தில் அக்கா என்றும், எவ்வழியில் என்ற கட்டத்தில் ஒரே தாய் என்றும் எழுதினார். அதற்குக் கீழே ஆட்களை மேய்க்கும் மண்டோர் இருசப்பன், பெரியப்பா. குலை வெட்டும் காளியண்ணன், மச்சான். அப்படியே போய்க் கடைசி வரியில் லோரி ஓட்டும் ஹசான், பாச்சிக் என்று முடித்தார். ஹசான் மலாய்க்காரர். தோட்டத்துப் பிள்ளைகள் இரண்டு தலைமுறையாக அவரை மாமா முறையில் பாச்சிக் என்றுதான் கூப்பிடுகிறார்கள். எவ்வழியில் என்ற கட்டத்தில் ரெங்கசாமி, தெரியவில்லை, சிறுவயதிலிருந்து என்று உண்மையை எழுதினார். மொத்தம் இருநூற்று எண்பத்தேழு பேர்.

“என்னை எங்க எழுதினீங்க?” என்று வேலம்மா கேட்டாள்.

“நீ கம்பெனியில வேலை செய்யலையே. உன்னை எழுத வேண்டியதில்லை.”

“அதுவும் நல்லதுதான்,” என்று சொல்லி அவள் குழம்பைக் கிளறினாள்.

மறுவாரம் தலைமையகத்திலிருந்து தொலைபேசி வந்தது. கம்பெனியின் வரலாற்றிலேயே இவ்வளவு பெரிய உறவினர் சலுகை நடந்ததில்லை என்று சிவானந்தம் நடுங்கும் குரலில் சொன்னார். தோட்டத்தில் மொத்தம் இருநூற்றுத் தொண்ணூறு தொழிலாளர்தாமே, மீதி மூன்று பேர் யார் என்று கேட்டார். அவர்கள் சென்ற வாரம்தான் வந்தார்கள், இன்னும் பழகவில்லை, மன்னிக்க வேண்டும் என்றார் ரெங்கசாமி.

விசாரணை முடியும்வரை உறவினர் எவருடைய காரியத்தையும் அவர் தொடக்கூடாது என்று ஐந்தாவது விதிப்படி உத்தரவு வந்தது. சுங்கை ஆயர் தாவார் தோட்டத்து அதிகாரி வியாழக்கிழமைதோறும் மோட்டார் சைக்கிளில் வந்து கையெழுத்துப் போடுவார். மற்ற ஆறு நாளும் ரெங்கசாமி கை வைத்த நாற்காலியில் கை வைத்து உட்கார்ந்திருந்தார்.

ஒரு வெள்ளிக்கிழமை காளியண்ணன் பாதத்தில் செம்பனை முள் ஏறியது. சீட்டு இருந்தால்தான் ஆஸ்பத்திரிக்கு லோரி ஏற்றும். அவன் ஒரு கம்பை ஊன்றிக்கொண்டு ஆபீஸ் ஜன்னலுக்கு வந்து, மச்சான், ஒரு சீட்டு கிழிங்க என்றான். ரெங்கசாமி கண்ணாடிக்குள் இருந்த ஐந்தாவது விதியைக் கையால் காட்டினார். காளியண்ணனுக்குப் படிக்கத் தெரியாது. அவன் கண்ணாடியையும் அவரையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் போகும்வரை பார்க்க முடியாமல் ரெங்கசாமி நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். வியாழக்கிழமை வந்த அதிகாரி வீங்கிய காலைப் பார்த்துச் சீட்டும் கொடுத்தார். காயத்தை ஆறு நாள் தாமதமாகத் தெரிவித்ததற்கு ஓர் எச்சரிக்கைக் கடிதமும் கொடுத்தார். காளியண்ணனுக்குக் காலில் இரண்டு விரல் போயிற்று. கடிதம் கோப்பில் இருக்கிறது.

மே மாதம் விசாரணைக்குச் சிவானந்தமும் பாலகிருஷ்ணனும் வந்தார்கள். பாலகிருஷ்ணன் ஒரு பெரிய தாளில் யார் யாருக்கு என்ன முறை என்று கோடு போட்டு வரைந்தார். மதியத்துக்குள் அது செகிஞ்சான் படகுத்துறையில் காயப்போட்ட வலை போல ஆகிவிட்டது. மண்டோர் இருசப்பனைக் கூப்பிட்டு, ரெங்கசாமி எப்படி உங்களுக்கு மகன் முறை ஆனார் என்று கேட்டார்.

“அவன் அப்பன் என்னை அண்ணேன்னு கூப்பிட்டாரு.”

“ஏன் அப்படிக் கூப்பிட்டார்?”

“நான் மூத்தவன் லா. பேர் சொல்லியா கூப்பிடுவாரு? மரியாதை தெரிஞ்ச குடும்பம் அது.”

பரம்பரைச் சலுகை என்று பாலகிருஷ்ணன் குறித்துக்கொண்டார். இருசப்பன் எழுந்து போகுமுன், கேட்டதற்குப் பதில் மரியாதையாகத் தாமும் ஒன்று கேட்டார். “தம்பி, இந்தப் பெரிய ஐயா உங்களுக்கு என்ன வேணும்?”

“மாமா,” என்றார் பாலகிருஷ்ணன், சட்டென்று.

சிவானந்தம் இருமினார். அந்தப் பதில் குறிப்பில் ஏறவில்லை.

மாலையில் எட்டாம் எண் படிவத்தை ரெங்கசாமியின் முன்னால் வைத்தார்கள். அதற்கு உறவு நீக்கப் படிவம் என்று பெயர். அதே பெயர்கள், அதே வரிசை. ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் எனக்கு உறவு இல்லை என்று எழுதினால் விசாரணை முடிந்துவிடும். முதல் வரியில் மட்டும் முழுவதும் எழுதி, மற்றதில் மேற்படி என்று போட்டால் போதும் என்று ஆலோசகர் கருணையோடு சொன்னார். ஹசானின் பெயரை மட்டும் சிவானந்தம் விட்டுவிடச் சொன்னார். லோரிக்காரர் போக்குவரத்துப் பிரிவைச் சேர்ந்தவர், அவரை நீக்கும் அதிகாரம் நமக்கு இல்லை என்றார்.

ரெங்கசாமி இரண்டாவது வரியிலிருந்து தொடங்கினார். பெரியப்பா, மேற்படி. மச்சான், மேற்படி. சித்தி, மேற்படி. கை வலிக்க வலிக்க எழுதிக் கொடுத்தார்.

சிவானந்தம் தாளைப் பார்த்தார். “மேலே ஒன்றும் இல்லாமல் மேற்படி எப்படி, மிஸ்டர் ரெங்கசாமி?”

“அது என் சொந்த அக்கா, சார். கூடப் பிறந்தது.”

“நாங்கள் யாரையும் வற்புறுத்துவதில்லை. அது பன்னிரண்டாவது விதி. உங்களுக்கு மூன்று வழி இருக்கிறது. அந்த அம்மாள் உங்கள் அக்கா என்றால், வேலையை விட்டு, வீட்டைக் காலி செய்துகொண்டு போகலாம். அல்லது நீங்கள் இந்தப் பதவியை விட்டுப் பழையபடி இரண்டாவது கிராணியாகலாம். அல்லது அக்கா இல்லை. எது என்றாலும் எங்களுக்குச் சம்மதம்.”

அக்கா புருஷனை இழந்தவள். அவள் மகள் அமராவதிக்கு ஆவணியில் கல்யாணம் வைத்திருந்தது. அந்த வருடம் செரண்டா, ரவாங் பக்கமெல்லாம் தொழிற்சாலைகளில் ஆளைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள். வீட்டைக் காலி செய்து அவள் எங்கே போவாள். அவளுக்காகத்தான் எழுதுகிறேன் என்று ரெங்கசாமி தமக்குத் தாமே சொல்லிக்கொண்டார். அது பொய்யில்லை. ஆனால் நடுவில் இன்னொரு வழி இருந்தது. அந்த வழி அவர் மனதில் நின்றது பேனா மூடியைக் கழற்றும் நேரம்தான். அடுப்படிக்குள் இருந்த தண்ணீர்க் குழாய் அப்போது ஞாபகத்துக்கு வந்ததை அவர் பிறகு ஒருவரிடமும் சொன்னதில்லை.

முதல் வரியில், எனக்கு உறவு இல்லை என்று எழுதினார். கீழே இருந்த மேற்படிகளுக்கெல்லாம் அர்த்தம் வந்தது.

ஜூன் மாதம் விருது கொடுத்தார்கள். காலையில் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு ஆட்கள் வரிசையாக நின்றபோது, அந்தத் திடலிலேயே ஒரு மேசை போட்டு, நேர்மைச் செம்மல் என்று பொறித்த பித்தளைக் கேடயத்தைச் சிவானந்தம் வழங்கினார்.

“வீட்டைத் துறந்தவர்களை நாம் கேள்விப்பட்டிருக்கிறோம். மனைவி மக்களைத் துறந்தவர்களைக் கேள்விப்பட்டிருக்கிறோம். ஒரே மாலையில் இருநூற்று எண்பத்தாறு பேரைத் துறந்தவரை இந்தத் தோட்டத்தில்தான் பார்க்கிறேன்,” என்றார்.

ஒளிவுமறைவு கூடாது என்பது ஒன்பதாவது விதி. எட்டாம் எண் படிவத்தை அறிவிப்புப் பலகையில் கண்ணாடிக்குள் ஒட்டினார்கள். படிக்கத் தெரிந்தவர்கள் படித்தார்கள், தெரியாதவர்களுக்குச் சொன்னார்கள். வள்ளியம்மா தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்புவரை போனவள். அதற்கு மேல் அவளை நிறுத்திவிட்டுத்தான் தம்பியை அனுப்பினார்கள். சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு பலகை முன்னால் நின்று முதல் வரியைப் படித்தாள். இரண்டாவது வரிக்குப் போகவில்லை. ரெங்கசாமி கேடயத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் அக்கா ஒரு சீட்டோடு ஆபீசுக்கு வந்தாள். “ஐயா, இதுல ஒரு கையெழுத்து வேணும்.”

“அக்கா, என்ன இது...”

“ஆபீஸ்ல அப்படிக் கூப்பிடாதீங்க. உங்களுக்குக் கெட்ட பேரு வந்திடும்.”

அவள் குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் அவருக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும்.

ஆவணியில் கல்யாணம் வந்தது. தோட்டத்து மாரியம்மன் கோயில் மண்டபத்தில் வாழைமரம் கட்டியிருந்தார்கள். தாய்மாமன் பட்டுச் சேலை வைத்த சீர்த்தட்டோடு வந்து, பெண்ணின் நெற்றியில் பட்டம் கட்டி, கையைப் பிடித்து மணவறைக்கு அழைத்துப் போக வேண்டும். அப்பா இல்லாத பெண்ணுக்கு அவன்தான் எல்லாம். ரெங்கசாமி கிள்ளானுக்குப் போய்ச் சேலை எடுத்திருந்தார். புது வேட்டி கட்டி, தட்டைத் தாமே ஏந்திக்கொண்டு வந்தார். வாசலில் பன்னீர் தெளித்தவர்கள் அவரை மரியாதையோடு இடப்பக்கம் போட்டிருந்த நாற்காலி வரிசைக்குக் கொண்டுபோய் உட்காரவைத்தார்கள். அது ஆபீஸ்காரர்களுக்கான வரிசை. சிவானந்தமும் பாலகிருஷ்ணனும் அங்கே இருந்தார்கள். கடைசி நாற்காலியில் சொங்கோக் தொப்பியோடு பாச்சிக் ஹசான் இருந்தார்.

வேலம்மா நிற்கவில்லை. நேரே பெண்கள் பக்கம் போய், அத்தை என்ற உரிமையோடு மணப்பெண்ணுக்குப் பூ வைத்துவிட்டாள். எந்தப் படிவத்திலும் இல்லாததால் அவளுடைய உறவு அப்படியே இருந்தது.

தாய்மாமனை வரச் சொல்லுங்க என்று ஐயர் குரல் கொடுத்தார். ரெங்கசாமி தட்டோடு எழுந்தார். அதற்குள் மண்டோர் இருசப்பன், செரண்டாவிலிருந்து வந்த, வள்ளியம்மாவின் ஒன்றுவிட்ட தம்பி சேதுவை மணவறைக்கு அழைத்துப் போய்க்கொண்டிருந்தார். திரும்பி வந்து ரெங்கசாமியின் தோளில் கை வைத்தார். குனிந்து, காதோடு சொன்னார்.

“உக்காரு ரெங்கா. உன் அக்காதான் சொல்லுச்சு. பெரிய ஐயாமாருங்க வந்திருக்காங்க, அவங்க கண்ணு முன்னால நீ மாமனா நின்னா உன் வேலை போயிடுமாம். உனக்குச் சங்கடம் வேணாமுன்னுச்சு.”

ரெங்கசாமி மண்டபத்தின் அந்தப் பக்கம் பார்த்தார். அக்கா தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டு, சேது கட்டும் பட்டம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் உட்கார்ந்தார். தட்டு மடியில் இருந்தது.

சிவானந்தம் இதைக் கவனித்துவிட்டார். தாலி கட்டி முடிந்ததும் கேட்காமலே ஒலிபெருக்கியை வாங்கி இரண்டு வார்த்தை பேசினார். கம்பெனி வரலாற்றில் பாரபட்சமே இல்லாமல் நடந்த முதல் திருமணம் இதுதான் என்றார். ஒரு மனிதவள அதிகாரி சொந்தத் தோட்டத்தில் விருந்தாளியைப் போல உட்கார்ந்திருக்கும் காட்சி தம் கண்ணை நிறைத்துவிட்டது என்றார். தம் மகளின் கல்யாணத்துக்கும் இதே ஒழுங்கைக் கடைப்பிடிக்க நினைத்ததாகவும், மருமகன் வீட்டார் சம்மதிக்கவில்லை என்றும் வருத்தத்தோடு சொன்னார். பாலகிருஷ்ணன் தலை குனிந்தார்.

பாச்சிக்குக்கு எதுவும் புரியவில்லை. அவர் போக்குவரத்துப் பிரிவு. பலகையைப் படித்ததில்லை. குனிந்து ரெங்கசாமியின் முழங்காலைத் தட்டினார்.

“ஏன் இங்க உக்காந்திருக்கே? உன் அக்கா பொண்ணு கல்யாணம் லா.”

சிவானந்தத்தின் தலை இந்தப் பக்கம் திரும்பியது.

“இங்கதான் காத்து நல்லா வருது, பாச்சிக்,” என்றார் ரெங்கசாமி.

கம்பெனி ஏட்டின்படி அவருக்கு மிஞ்சியிருந்த ஒரே உறவுக்காரர், சரி என்பது போலத் தலையாட்டிவிட்டு விசிறியை எடுத்து வீசிக்கொண்டார். காற்று வரவில்லை.

அமராவதி மாலையோடு வரிசை வரிசையாக வந்து தாம்பூலப் பை கொடுத்தாள். சிவானந்தத்துக்கு ஒன்று கொடுத்து, நன்றிங்க ஐயா என்றாள். ரெங்கசாமிக்கு ஒன்று கொடுத்து, நன்றிங்க ஐயா என்றாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். பட்டுச் சேலை தட்டோடு கல்வீட்டுக்குத் திரும்பிப் போயிற்று. வேலம்மா அதை அலமாரியில் வைத்தாள். கேடயத்தைக் கொஞ்சம் தள்ளிவைத்தால்தான் இடம் இருந்தது.

திங்கட்கிழமை அக்கா வேலைக்கு வந்தாள். இரண்டு நாள் லீவு எடுத்துவிட்டுப் பிறகு படிவம் நிரப்புவது தோட்டத்து வழக்கம். ஜன்னல் வழியாகப் படிவத்தை நீட்டினாள். காரணம், மகள் கல்யாணம் என்று இருந்தது. புது விதிப்படி எல்லாப் படிவத்திலும் அடியில் ஒரு கட்டம் உண்டு. விண்ணப்பிப்பவருக்கும் அதிகாரிக்கும் என்ன உறவு என்பதை அதிகாரி தம் கையால் எழுத வேண்டும். ஜூன் மாதத்திலிருந்து ரெங்கசாமி அந்தக் கட்டத்தில் எத்தனையோ முறை எழுதிவிட்டார். இந்தப் படிவத்தில் எப்படி எழுதுவது என்று காலையிலிருந்தே அவருக்குக் கை ஓடவில்லை.

கட்டத்தைப் பார்த்தார். இல்லை என்று முன்னாலேயே எழுதியிருந்தது. மூன்றாம் வகுப்பு எழுத்து, கொம்பும் கோடும் அழுத்தி அழுத்தி, கட்டத்துக்கு வெளியே போகாமல் எழுதியிருந்தது.

“உங்களுக்குச் சிரமம் வேணாமுன்னு நானே எழுதிட்டேங்க,” என்றாள் அக்கா. “கையெழுத்து மட்டும் போட்டாப் போதும்.”

ரெங்கசாமி கையெழுத்துப் போட்டார்.